தீம் வாங்குமுன் ஒரு வார்த்தை

இணையத்தில் வியாபாரம் செய்து ஜீவனம் நடத்தலாம் என்ற நம்பிக்கையோடு இத்துறையில் புதிதாகக் காலெடுத்து வைக்கிறவர்கள், தாங்கள் விற்கப்போகும் பொருள் இன்னதென்று நிச்சயித்துக்கொள்வதற்கு முன்பும், அதை வாங்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று சற்றே ஆலோசிப்பதற்கு முன்பும், தங்கள் வெப்சைட் எந்த நிறத்தில், எந்த எழுத்தில், எந்த அமைப்பில் காட்சியளிக்க வேண்டும் என்ற விசாரத்திலேயே வாரக்கணக்கான பொழுதையும் கையிலுள்ள சொற்ப முதலில் ஒரு பங்கையும் கழித்துவிடுகிறார்கள். இந்தக் காட்சியமைப்புக்குத்தான் தீம் என்று பெயர். அதை விற்பதற்கென்றே ஒரு பெரிய சந்தை இருக்கிறது; அதை ஒட்டினாற்போல, ஆன்லைன் மார்க்கெட்டிங்கை அடிப்படையிலிருந்து கற்றுத் தருகிறோம் என்று அழைக்கும் பயிற்சி வகுப்புகளின் சந்தையும் இருக்கிறது. இரண்டிலும் சரக்குகள் பகட்டாகவே பரப்பப்பட்டிருப்பதால், எது தரமானது, எது வெறும் மினுக்கு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் அவசியமாகிறது.

அந்த அளவுகோலைக் கண்டறிய, தீம் என்பது தோன்றிய விருத்தாந்தத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆதியில் வெப் பக்கத்தின் வாசகம் வேறு, அதன் அலங்காரம் வேறு என்ற பாகுபாடு அநேகமாக இல்லை. ஒரு தலைப்பு சிவப்பாக இருக்க வேண்டுமானால் அந்தத் தலைப்பின் அருகிலேயே அதற்குரிய குறியையும் எழுதிவைக்க வேண்டும். நூறு பக்கங்களில் நிறத்தை மாற்ற விரும்பினால் நூறு பக்கங்களையும் திருத்த வேண்டும். இந்த அசௌகரியத்தைப் போக்க, அலங்கார விதிகளை மட்டும் தனியே எழுதிவைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை 1994-ஆம் ஆண்டு ஹோகோன் வியும் லீ என்ற நார்வே நாட்டு நிபுணர் வெளியிட்டார். அது சிஎஸ்எஸ் என்ற பெயரில் 1996 டிசம்பரில் வெப் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதன் சக்தி எவ்வளவு என்பதைப் பாமரரும் காணும்படி செய்தவர் டேவ் ஷே என்ற கனடா நாட்டு வடிவமைப்பாளர். 2003-இல் அவர் தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்ற தளத்தில், ஓர் எழுத்துக்கூட மாறாத ஒரே வாசகம், பல கலைஞர்கள் எழுதிய விதிகளின்படி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல பக்கங்களாகக் காட்சியளித்தது.

அதே 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். 2005 பிப்ரவரியில் வந்த அதன் 1.5 பதிப்பில் இன்று நாம் அறிந்த தீம் முறை இடம்பெற்றது. உலகிலுள்ள வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை இன்று இந்த மென்பொருளில் இயங்குகின்றன என்பதால், தீம் என்றாலே பெரும்பாலும் வேர்ட்பிரஸ் தீம் என்றே அர்த்தம் கொள்ளப்படுகிறது. இதன் இயக்கம் எளிமையானது. நாம் எழுதும் கட்டுரைகளும் விவரங்களும் டேட்டாபேஸில் ஓரிடத்தில் இருக்கின்றன. தீம் என்பது தனியே வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு ஃபோல்டர். யாரேனும் பக்கத்தைத் திறக்கும்போது, அந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் டேட்டாபேஸிலிருந்து வாசகத்தை எடுத்து, தலைப்பை இங்கே, படத்தை அங்கே என்று அடுக்கிக் காட்டுகின்றன. ஃபோல்டரை மாற்றினால் தோற்றம் மாறும். வாசகம் இருந்தபடியே இருக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. இத்தொழிலில் எடுக்கும் முடிவுகளில் சில, பின்னால் நினைத்தபோது மாற்றிக்கொள்ளத்தக்கவை. சில, மாற்ற முயன்றால் பெருநஷ்டம் விளைவிப்பவை. டொமைன் பெயர், எழுத எடுத்துக்கொள்ளும் விஷயம், வாசகரிடம் சம்பாதித்துக்கொண்ட நம்பிக்கை ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தீம் முதல் வகையைச் சேர்ந்தது, மாற்றுவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டது. ஆகவே, தீம் ஒன்றின் யோக்கியதையை அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதை விட்டு எவ்வளவு எளிதாக விலகலாம் என்பதைக்கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் விலகவொட்டாமல் செய்யும் தீம்களும் உண்டு. சில தீம்கள், பக்கத்தை விருப்பப்படி அமைத்துக்கொள்ளச் சொந்தக் கருவிகளை அளித்து, அந்த அமைப்பை ஷார்ட்கோட் எனப்படும் அடைப்புக்குறிச் சொற்களாக நம் வாசகத்துக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. பயன்படுத்தும் காலத்தில் இது பெரிய சௌகரியமாகத் தோன்றும்; ஆனால் வீடு மாறும்போது சுவரில் பதித்த அலமாரியைக் கொண்டுபோக முடியாததுபோல, வேறு தீம் ஒன்றுக்கு மாறிய மறுகணம் அமைப்பெல்லாம் குலைந்து, பக்கம் முழுவதும் பொருள் புரியாத அடைப்புக்குறிகள் சிதறிக் கிடக்கும். ஆகவே, பணம் கொடுத்து வாங்குமுன், அந்த தீமில் ஒரு சோதனைப் பக்கத்தை அமைத்து, பிறகு வேர்ட்பிரஸுடன் இலவசமாக வரும் தீம் ஒன்றுக்கு மாற்றிப் பார்த்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று கவனிப்பது உத்தமம்.

இரண்டாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. 2011 ஆகஸ்டில், படங்களைச் சிறிதாக்கித் தரும் டிம்தம்ப் என்ற ஒரு சிறிய ஃபைலில், அந்நியர் உள்ளே புகுவதற்கு இடமளிக்கும் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஃபைல் எத்தனையோ தீம்களுக்குள் வைத்துக் கட்டப்பட்டிருந்ததால், அப்படியொன்று தங்கள் தளத்தில் இருப்பதையே அறியாத பலர் அதன் பலனை அனுபவிக்க நேர்ந்தது. ஆக்கியவர் தொடர்ந்து அப்டேட் அளித்து வருகிறாரா என்று பார்ப்பதன் அவசியம் இதனால் விளங்கும். விலை கொடுத்து வாங்க வேண்டிய தீமின் திருட்டுப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறதென்று எடுத்து இடுவதோ, வாசற்கதவைத் தானே திறந்து வைப்பதாகும். அத்தகைய பிரதிகள் மூலமாகவே பரவிய தீய நிரல்கள் உண்டு.

தோற்றத்தைப் பொறுத்தவரையில், விற்பவர் காட்டும் டெமோவைக் கண்டு மயங்கலாகாது. அதில் நாம் ரசிப்பது பெரும்பாலும் தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படங்களையேயன்றி தீமினை அன்று. பக்கத்தின் பிரதான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள இலக்குகளில் ஒன்று. பக்கம் ஏறிக்கொண்டிருக்கையில் எழுத்துகள் இடம் பெயர்ந்து குதிக்கக்கூடாது என்பது மற்றொன்று. இவற்றைக் கம்ப்யூட்டரில் அல்லாமல் சாதாரண விலையுள்ள செல்போனில் சோதித்துப் பார்ப்பதே நியாயம். தமிழில் தளம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் விசேஷமாக உண்டு. ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு ஆக்கப்பட்ட தீம்களில் தலைப்பின் வரிகள் நெருக்கமாக அமைந்திருக்கும். அங்கே தமிழை இட்டால், மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நீண்ட தமிழ்ச் சொற்கள் செல்போன் திரையின் விளிம்பைத் தாண்டி வழியும். ஆகவே டெமோவில் உள்ள ஆங்கிலத்தை நீக்கிவிட்டு, நம் சொந்தத் தமிழ்த் தலைப்பொன்றை இட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

இனிப் பயிற்சி விஷயத்துக்கு வருவோம். ஆரம்ப நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் நாடுவது அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்னும் முறை: பிறருடைய பொருளைப் பற்றி நம் தளத்தில் எழுதி, நாம் கொடுத்த லிங்க் வழியாக ஒருவர் சென்று வாங்கினால், விற்றவர் நமக்கு ஒரு கமிஷன் தருவார். அமேசான் நிறுவனம் 1996-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிய பிறகு இது எங்கும் பரவியது. முதலே போடாமல் செய்யக்கூடிய தொழில் என்று இதை வர்ணிப்பவர்கள், இதில் போட வேண்டிய முதல் நம்பிக்கை என்பதைச் சொல்வதில்லை. வாங்க நினைப்பவரின் சந்தேகத்தை ஊகித்தறிவது, அதற்கு நேர்மையாக விடை எழுதுவது, கமிஷன் கிடைக்கும் என்பதை மறைக்காமல் அறிவிப்பது, எந்தப் பக்கம் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அளந்து பார்ப்பது ஆகியவையே இத்தொழிலின் அரிச்சுவடி. பொருள் தருபவருடன் உள்ள சம்பந்தத்தை வெளிப்படுத்துமாறு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-இல் திருத்திய விதிகளும், இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுவதால், அறிவிப்பு என்பது தர்மம் மாத்திரமன்றிக் கட்டுப்பாடும் ஆகிறது. இவற்றோடு, வாசகர் தாமே விரும்பித் தரும் ஈமெயில் முகவரிகளைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தையும் கற்பிக்க வேண்டும். கூகுளின் விதி மாறினாலும், தளத்தின் தோற்றம் மாறினாலும், அந்தப் பட்டியல் நம் வசமே இருக்கும்.

இந்த அரிச்சுவடியைக் கற்பிக்காமலே பெரும்பொருள் திரட்டியவர்களும் உண்டு. மோப் என்ற பயிற்சி நிறுவனத்தின்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018-இல் வழக்குத் தொடுத்தது. 21 படிகளில் செல்வம் சேர்க்கும் ரகசியம் என்று சொல்லி, 49 டாலருக்கு ஆரம்பப் பாடத்தை விற்று, சேர்ந்தவர்களை ஒவ்வொரு படியாக ஏற்றி, 2,497 டாலர், 4,997 டாலர் என்று உயர்ந்து 29,997 டாலர் வரையிலான உறுப்பினர் தகுதிகளை வாங்கத் தூண்டினார்கள் என்பதும், அதே தகுதிகளைப் பிறர் தலையில் கட்டுவதே கற்றுக்கொடுக்கப்பட்ட தொழிலாக இருந்தது என்பதும் குற்றச்சாட்டின் சாரம். மக்கள் இழந்த தொகை 12 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் என்று ஆணையம் கூறியது. வாசகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் தீமுக்கும், மாணவரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் பயிற்சிக்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது: இரண்டிலும் உள்ளே நுழைவது மலிவு, வெளியேறுவதற்குத்தான் கிரயம் அதிகம்.

நல்ல பயிற்சிக்கு ஒரு முடிவு உண்டு. இத்தனை பாடம், இத்தனை கட்டணம், முடிவில் இன்னது செய்யத் தெரிந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவதும், அடுத்த படிக்குப் பணம் கேட்காமல் மாணவரைத் தம் சொந்தக் காலில் நிற்க அனுப்பிவைப்பதும் அதன் லட்சணங்கள். கூகுளும் ஹப்ஸ்பாட் என்ற நிறுவனமும் அடிப்படைப் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸ் சமூகத்தாரும் தங்கள் மென்பொருளைப் பற்றிய பாடங்களை 2020 முதல் ஒரு தனித் தளத்தில் இலவசமாக அளித்து வருகிறார்கள். பணம் கொடுத்துச் சேர்வதற்கு முன் இவற்றை முடித்துவிட்டால், வகுப்பு நடத்துபவர் இவற்றுக்கு மேல் எதைத் தருகிறார் என்று கேட்கும் தைரியமாவது பிறக்கும்.

எனவே புதியவர் ஒருவர் என்னைக் கேட்டால், வேர்ட்பிரஸுடன் வரும் இலவச தீம் ஒன்றை ஒரு பிற்பகலில் இட்டுவிட்டு, மிச்சமுள்ள மாதங்களையெல்லாம் தாம் நன்கறிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பிறருக்குப் பிரயோஜனமாக எழுதுவதில் செலவிடும்படியே சொல்வேன். வருமானம் வரத் தொடங்கிய பின் அந்தத் தோற்றம் அவருக்கு அலுத்துப்போகலாம். அப்போது தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். எழுதியது எழுதியபடி இருக்கும். அதை நாடி வந்தவர்களும் அதற்காகவே வருவார்கள்.