படிப்போரும் கேட்போரும்



நூல்கள் அறிவைத் தருவன என்பதை நாம் அனைவரும் அறிவோம். துன்புற்ற நெஞ்சுக்கு அவை ஆறுதலும் தருவன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடியுமுன் எழுந்து, பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வீடு திரும்புவோர்க்கு உடல் அயர்வோடு மனக்கவலையும் உண்டு. அவ்வேளையில் நல்ல நூலொன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். டாக்டர் மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’ ஆகிய நூல்கள் கடித வடிவில் அமைந்தவை. அவற்றைப் படிக்கும்போது, நம்மேல் அன்புடைய ஒருவர் அருகமர்ந்து பேசுவதுபோல் தோன்றும். நூல் நம்மைக் கடிந்துகொள்வதில்லை, விரைவுபடுத்துவதும் இல்லை. விளங்காத இடத்தில் நின்று, முன்பக்கத்திற்குத் திரும்பினாலும் பொறுத்திருக்கும்.

“எங்களுக்கு எழுத்து வாசனை இல்லையே, நாங்கள் என்ன செய்வது?” என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களுக்கு வள்ளுவர் விடை கூறியுள்ளார். திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம். கல்லாமை 41ஆம் அதிகாரம். அதனை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்தார். இங்குக் கேள்வி என்பது கேட்டறிதல். கல்லாதவரும் கற்றாரிடம் கேட்க வேண்டும். தளர்ச்சி வருங்கால் அது துணையாக நிற்கும் என்பது 414ஆம் குறளின் கருத்து.

நம் முன்னோர் இதனைக் கடைப்பிடித்தனர். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களைத் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பர். இன்று அந்தப் பொறுப்பை உங்கள் பிள்ளைகளே ஏற்கலாம்.

இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வையுங்கள். பள்ளி நூலகத்தில் தான் விரும்பி எடுத்த கதையைப் பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். லகர, ளகர, ழகரம் பிறழ்ந்தால் உடனே அதட்டாதீர்கள். கதை முடிந்தபின் திருத்தலாம். “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டாலே பிள்ளையின் முகம் மலரும். தெனாலிராமன் கதையைக் கேட்டுத் தந்தையும் மகனும் சேர்ந்து சிரிக்கும் வீட்டில் பகல் முழுவதும் இருந்த இறுக்கம் தளரும். தன் குறைகளைக் கூறத் தயங்கும் பிள்ளையும் அப்போது மனம் திறந்து பேசும்.

ஆறாண்டுத் தமிழ்க் கல்வி முடிந்ததும் நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்குப் பயிற்று மொழி மலாய். தமிழ் ஒரு பாடம் மட்டுமே. இப்பழக்கம் இப்போதே வேரூன்றாவிடில், பின்னாளில் தாய்மொழி நூல் அவர்களுக்கு அயலாகிவிடும். வேரூன்றினால், வெளியூரில் தனித்திருக்கும் நாளிலும் தமிழ் நூலொன்று வீட்டின் நினைவோடு துணைநிற்கும்.

ஆகவே மாணவர்களே, இன்றிரவே ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, அருகமர்ந்து கேளுங்கள்.