கொசு உள்ளானின் கோடைவாசம்

வைகாசி வெயிலுக்கு அஞ்சி நாமெல்லாம் மலையேறி, ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்று மலர்க் கண்காட்சிக்கு வழி விசாரிக்கும் அந்தக் காலத்தில், குளிர்மாதங்கள் முழுவதும் நம் கோடியக்கரைச் சேற்றில் இரை பொறுக்கிய கொசு உள்ளான் எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சிட்டுக்குருவியின் எடையே கொண்ட அந்தப் பட்சி, ஆயிரக்கணக்கான மைல்கள் ஆகாய மார்க்கமாகப் பிரயாணம் செய்து, ருஷ்யாவின் வடகோடியில், மரமே வளராத தூந்திரப் பிரதேசத்தில், பனி உருகி வசந்தம் பிறக்கும் தருணத்தில் போய் இறங்குகிறது. சூரியன் அஸ்தமிக்காத அந்தக் குறுகிய பருவத்துக்குள் வம்சம் தழைத்தாக வேண்டுமே! ஆகவே பெண் பறவை, தரையில் ஒரு சிறு குழியில் முட்டையிட்டு, அடைகாக்கும் பொறுப்பை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடியும் முட்டையிட்டுத் தானே அடைகாப்பதும் உண்டு. அங்கு சென்று ஆராயும் விஞ்ஞானிகள், கூட்டில் தந்தையை மட்டுமோ தாயை மட்டுமோ காண்பது இதனால்தான்.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாகப் பொறுமையுடன் வளையமிட்டு வரும் வலசைப் பறவைகளுள் இதுவும் ஒன்று. தூந்திரத்திலிருந்து பெரியவை முன்னே புறப்பட்டுவிட, அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள், வழிகாட்டப் பெற்றோர் உடனின்றியே, பின்னால் தென்திசை நோக்கிப் பறந்து வருகின்றன என்பது எத்தகைய ஆச்சரியம்!