திருமண நாளில் ஒரு ரோலர் கோஸ்டர்

தம்பதிகளுக்கென்று நம் மரபு வைத்திருக்கும் விழாக்களை எண்ணிப் பாருங்கள். அறுபதாம் கல்யாணம், 70 வயதில் பீமரத சாந்தி, 80 தாண்டியதும் சதாபிஷேகம். மூன்றுமே கணவரின் வயதைக் கொண்டு நாள் குறிக்கப்படுபவை. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு 52 வயதா, 57 வயதா என்று யாரும் கேட்பதில்லை. இருவருக்கும் சரிபாதி உரிமையுள்ள நாள் என்றால் அது கல்யாண நாள்தான். அதற்கு மட்டும் பழைய சடங்கு ஏதும் கிடையாது. அதனாலேயே அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று ஒவ்வொரு வீடும் தானே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். இந்தப் பக்கத்தில் கல்யாண நாள் என்றால் நெடுங்காலமாக மயிலம்தான். மயிலம் முருகன் கோயில் பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பில் இருப்பது. அந்த ஆதீனத்தின் மடம் எங்கள் ஊரிலும் உண்டு. திண்டிவனம், வானூர் வட்டாரத்தில் எத்தனையோ பேருக்குத் தாலி ஏறியதே மயிலம் மலையில்தான். ஆண்டுக்கொரு முறை அங்கே போய் அர்ச்சனை செய்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவார்கள். திரும்பியதும் புடவையை மாற்றிக்கொண்டு மனைவி அடுப்படிக்குப் போவாள். வடை, பாயசம் என்று அன்றைக்கு வேலை கூடுதலாகத்தான் இருக்கும்.

கடந்த சில ஆண்டுகளாக வேறொரு பழக்கம் மெல்ல வளர்ந்து வருவதைப் பார்க்கிறேன். கல்யாண நாளன்று விடியற்காலையில் கிளம்பி, சென்னைப் பக்கம் இருக்கும் ஏதாவதொரு தீம் பார்க்குக்குப் போய்விட்டு இரவு திரும்புகிறார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் போவதில் வியப்பில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பவர்களும், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் போகிறார்கள். 'இந்த வயசுல என்ன ராட்டினம்?' என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் முணுமுணுத்தாலும் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

போகிற வழியே அழகானது. காலாப்பட்டில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து வெளியேறி, அனுமந்தை சுங்கச்சாவடியைக் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். இடதுபுறம் கழுவேலி ஏரி விரியும். 2021இல் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. பிறகு கல்பாக்கம், மாமல்லபுரம். சாலை சீரமைக்கப்பட்டு 2002இல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தடத்தில் ஒரே நாளில் போய்த் திரும்புவது எளிதானது. மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் நாளுக்கொரு கன்னியை மணந்தார் என்பது தல வரலாறு. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். கல்யாணம் கூடிய பிறகு, பத்திரமாக வைத்திருந்த அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாகத் திரும்பி வருவார்கள். சாமி கும்பிடாமல் எப்படி என்று மனம் உறுத்துகிறவர்கள் இங்கே இறங்கிக்கொள்ளலாம். திருப்போரூர் வழியாகப் போகிறவர்களுக்குக் கந்தசாமி இருக்கிறார்.

இந்தக் கரையில் கேளிக்கைப் பூங்காக்களைக் கட்டியவர்களின் கதை தனியே எழுத வேண்டியது. வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்கள் தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்று வளர்ந்தவர்கள். மாதச் சம்பளக்காரர்களின் வீட்டுக்கு ரேடியோவும் மின்விசிறியும் கொண்டுபோனவர்கள், அதே குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போக ஈஞ்சம்பாக்கத்தில் தங்கக் கடற்கரையை அமைத்தார்கள். அங்கே அசையாமல் சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்காத தமிழ்க் குடும்பம் குறைவு. முட்டுக்காட்டில் டிஸ்ஸி வேர்ல்டை உருவாக்கிய எம்.ஜி.எம். குழுமத்தின் எம்.ஜி. முத்து, சென்னைத் துறைமுகத்தில் கூலித் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தாவைத் திறந்த நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். கண்ணாடி போட்டுக்கொண்டு திரையிலிருந்து நீளும் பொருளைப் பிடிக்கக் கையை நீட்டவைத்தவர், அடுத்ததாக ஆளையே தூக்கிச் சுழற்றிக் காட்டினார். கடைசியாக வந்தது வொண்டர்லா. உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சிக்கலால் பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 60 ஏக்கருக்கு மேல், 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீட்டில் திறக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்குச் சென்னை நெரிசலுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

இந்தப் பூங்காக்களில் எதற்குள் போனாலும் நிழலான இடத்தில் ஒரு பெஞ்சைப் பார்க்கலாம். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மடியில் இரண்டு பை, காலடியில் நாலைந்து ஜோடிச் செருப்பு, கையில் மற்றவர்களின் கைப்பேசிகள். பிள்ளைகள் ஒவ்வொரு ரைடாக ஏறி இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவார்கள். அவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருப்பார். நானும் பல கோடை விடுமுறைகளை அந்தப் பெஞ்சில் கழித்தவள்தான்.

தீம் பார்க் என்ற எண்ணமே ஒரு பெஞ்சில் பிறந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பூங்காவின் குதிரை ராட்டினத்தில் தன் இரண்டு மகள்களும் சுற்ற, வால்ட் டிஸ்னி வேர்க்கடலை கொறித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லையே, எல்லாரும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியது. மனைவி லில்லியனுக்கு இதில் விருப்பமில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் அழுக்கடைந்த இடங்கள், அது எதற்கு நமக்கு என்று கேட்டார். என்னுடையது சுத்தமாக இருக்கும் என்றார் வால்ட். ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, விடுமுறை வீட்டை விற்றுப் பணம் போட்டார்.

அவர்கள் கல்யாணம் செய்துகொண்டது 1925 ஜூலை 13. டிஸ்னிலாண்ட் திறந்தது 1955 ஜூலை 17. இடையில் வந்த முப்பதாவது கல்யாண நாளை, இன்னும் திறக்காத அந்தப் பூங்காவுக்குள்ளேயே கொண்டாடினார்கள். சுமார் 300 விருந்தினர் வந்தார்கள். 'மார்க் ட்வெயின்' என்ற நீராவிப் படகில் உலா போய்விட்டுப் பிறகு விருந்துண்டார்கள். உலகின் பெயர்பெற்ற தீம் பார்க்கில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட விழா ஒரு கல்யாண நாள் என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் அதே நாளைப் பற்றி, பூங்காவைக் கட்டிய கடற்படை அதிகாரி ஜோ ஃபௌலர் சொன்ன செய்தி ஒன்றும் உண்டு. விருந்தினர் வருமுன் படகைப் பார்க்கப் போனாராம். தளம் முழுக்கத் தச்சு வேலைத் தூசியும் குப்பையும். அங்கே முன்னமே வந்திருந்த ஒரு பெண்மணி, வாருங்கள், துடைப்பம் எடுத்து இதைச் சுத்தம் செய்வோம் என்று சொல்லிப் பெருக்கத் தொடங்கிவிட்டார். அவர்தான் லில்லியன் டிஸ்னி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட டாலர் செலவில் கணவர் கட்டிய பூங்காவில், தன்னுடைய முப்பதாவது கல்யாண நாளில், மனைவியின் கைக்குத் துடைப்பம் வந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், தம்பதியாகப் போனால் மட்டும் போதாது. அந்த நாளில் அவள் எதற்கும் பொறுப்பாக இருக்கக் கூடாது. இட்லி கட்டி எடுத்துப் போகிறேன் என்று அவள் விடியுமுன் எழுந்தால் பாதி நாள் அங்கேயே போய்விட்டது.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு நானும் என் கணவரும் மட்டும் போனோம். ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்கும்போதே அவர் பின்வாங்கினார். "நீ போயிட்டு வா, நான் பையப் பாத்துக்கறேன்." "பைய லாக்கர்ல வெச்சாச்சுங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். சங்கிலி வண்டியை உச்சிவரை இழுத்துப் போய் விட்டுவிடும். அதற்குப் பிறகு எந்திரத்துக்கு வேலையில்லை. ஏறிய உயரம்தான் வேகமாக மாறி நம்மை மேலும் கீழும் புரட்டுகிறது. முதல் சரிவில் அவர் "அம்மா" என்று கத்தினார். வீட்டில் குரல் உயர்த்தாத நான் அவரைவிடப் பலமாகக் கத்தினேன். இறங்கியதும் யார் முதலில் கண்ணை மூடியது என்று சண்டை. வீட்டுக் கடனும் மாமியாரின் மாத்திரையும் இல்லாத பேச்சாக அது வெகுநேரம் நீண்டது.

இது ஆராய்ச்சிக்கும் உட்பட்ட விஷயம். ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒன்றாகக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் பிடிக்காமல் இருவருமாகத் தாங்கி, தடுப்பைத் தாண்டித் தவழ்ந்து போகச் சொன்னார்கள். புதுமையான இந்த விளையாட்டை ஆடிய ஜோடிகள், சாதாரண வேலை கொடுக்கப்பட்டவர்களைவிடத் தங்கள் உறவு நிறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். ரோலர் கோஸ்டரை வைத்தே 2003இல் மெஸ்டன், ஃப்ரோலிக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. சவாரிக்குக் காத்திருந்தவர்களிடமும் சவாரி முடிந்து இறங்கியவர்களிடமும் முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைக் காட்டினார்கள். நண்பர்களோடு வந்தவர்களில், சவாரி முடித்தவர்களுக்கு அந்த முகம் கூடுதல் அழகாகத் தெரிந்தது. காதலரோடோ துணையோடோ வந்தவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. சவாரி செய்தால் காதல் பெருகும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்வதில்தான் பயன் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடலோரத்து ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வேவ் பூலில் நிற்கப் போவானேன் என்று உள்ளூரிலேயே கேட்பார்கள். எங்கள் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கடல் என்பது பாடு. படகு கரை சேரும் நேரத்தில் அங்கே இருந்து, மீனைக் கூடையில் எடுத்து, புதுச்சேரிச் சந்தையில் விற்று முடிக்க வேண்டும். அலையில் நின்று விளையாட அவளுக்கு எப்போது நேரம் இருந்தது? கரையும் முன்போல் இல்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை தடுத்தன. முதலில் புதுச்சேரி நகரக் கடற்கரை காணாமல் போனது. கற்களைக் கொட்டிக் கொட்டி அங்கே காத்தார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களுக்கு வந்தது. பொம்மையார்பாளையத்தில் வீடுகளும் தென்னைகளும் கடலுக்குள் போயின. வலை உலர்த்திய மணல் இருந்த இடத்தில் அலை வந்து அடிக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணொருத்தி, சைரன் ஒலித்ததும் எழுந்து, சொன்ன நேரத்தில் அடங்கிவிடும் அலையில் இடுப்பளவு நீரில் நின்று சிரிப்பதை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியாது.

நீர் விளையாட்டில் ஒரு தடை உடை. புடவை, துப்பட்டா, பருத்தித் துணி எதற்கும் அனுமதி இருக்காது; சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விதி சரியானதே. நைலான் உடை அங்கேயே கிடைக்கும். பலர் கூச்சத்தாலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். முழுக்கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. முன்கூட்டியே வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்களும் வேகமான ரைடுகளில் ஏறக் கூடாது. கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். மல்லிகைப் பூவைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. கடலோர வீடுகளுக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான் என்றாலும் அது கோடை விடுமுறை. வரிசையிலேயே பொழுது போய்விடும். கல்யாண நாள் மே மாதம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய், புதனுக்குத் தள்ளிவைப்பது நல்லது. கட்டணம் சிறிதல்ல. 2018இல் தீம் பார்க் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தும், இருவர் போய்வந்தால் கூலி வேலை செய்பவரின் பல நாள் சம்பளம் கரைந்துவிடும். அவ்வளவு முடியாதவர்களுக்குத் திருவிழா ராட்டினம் இருக்கிறது. மேல்மலையனூரிலும் மற்ற ஊர்த் திருவிழாக்களிலும் கொலம்பஸ் கப்பலும் ராட்சத ராட்டினமும் வந்து நிற்கும். அங்கேயும் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அம்மா கீழே நிற்பதுதான் வழக்கம். ஒரு முறை மாற்றிச் செய்து பாருங்கள், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

பூங்கா நடத்துகிறவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கும் கல்லூரிக் கூட்டத்துக்கும் சலுகை தருகிறீர்கள். வாரநாளில் வரும் 40 வயது தாண்டிய தம்பதிக்கும் ஒன்று தாருங்கள். பெண்கள் உடை மாற்றும் அறைகளைக் கூட்டுங்கள், கதவுத் தாழ்ப்பாள்களைச் சரிபாருங்கள். மரக்காணம், புதுச்சேரி பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்குப் பிரதான சாலையிலிருந்து வாசல்வரை ஒரு வேன் விடுங்கள். பை வைக்கும் லாக்கருக்குத் தனிக் கட்டணம் வாங்காதீர்கள். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் வீட்டுக்கு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள்.