ஏழுக்கு நாலு: 975,000ஐப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு தாளில் 975,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைப் பிரஜாவுரிமையும் இந்தியப் பிரஜாவுரிமையும் இல்லாமல் நின்ற நம் தோட்டத்து மக்களின் தொகை இது.

முதலில் கடைசி மூன்று பூச்சியங்களைக் கழற்றுங்கள். 1000 என்பது மூன்று 2, மூன்று 5. மிஞ்சுவது 975. அது 75இல் முடிவதால் 25ஆல் வகுபடும், ஈவு 39. 39ஐ 3ஆல் வகுத்தால் 13. ஆக மூன்று 2, ஒரு 3, ஐந்து 5, ஒரு 13. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 4×2×6×2. மொத்தம் 96 காரணிகள்.

ஒவ்வொருவராக எண்ணி எடுக்கும் தொகை மூன்று பூச்சியத்தில் முடிவது ஆயிரத்தில் ஒரு தடவை நடக்கலாம். ஒப்பந்தமும் "ஏறக்குறைய" என்றுதான் சொல்கிறது. வேலை குறைந்த நாளுக்கு அரைப்பேர் என்று கணக்குப் பார்த்து எழுதும் செக்ரோல் என்ற தோட்டத்துப் பேரேட்டில் வாழ்ந்த சனம் நாங்கள். எங்களை எண்ணும்போது மட்டும் ஆயிரக்கணக்கில் உருட்டிவிட்டார்கள்.

இனி பங்கு. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பேசுவதற்கென்று 150,000. பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே வாருங்கள். 525,000இல் 300,000 போனால் 225,000. 300,000இல் அது போனால் 75,000. 225,000க்குள் 75,000 மூன்று தடவை, மீதியில்லை. 150,000க்குள் இரண்டு தடவை. ஒரு பங்கு 75,000 பேர் என்றால் கணக்கு 7, 4, 2. கூட்டினால் 13.

ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்ற விகிதம் இங்கிருந்து வந்ததுதான். 7க்கும் 4க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அதனால் இந்த விகிதம் மிச்சமில்லாமல் பொருந்துகிற ஆகச் சிறிய கூட்டம் 11 பேர். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் இருக்கும் லயத்துக் காம்பராவில் அது பொருந்தாது. நாட்டுக்குச் சரியாக வந்த விகிதம் வீட்டுக்குள் வந்தபோது அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான், தம்பி இங்கே கொழுந்துக் காட்டில் நின்றான்.

13 ஒற்றைப்படை. முழுப் பங்குகளாக எப்படிப் பிரித்தாலும் இரண்டு பக்கமும் சமமாகாது. 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் மிச்ச இரண்டு பங்கில் ஆளுக்கொன்று எடுத்தபோது 8க்கு 5 ஆனது: 600,000, 375,000. மூன்று பங்கு, அதாவது 225,000 பேர், இந்தியப் பக்கம் கூடுதல். ஆட்களைக் கேட்டு எழுதிய கணக்கல்ல, மேசையில் பேரம் பேசி முடித்த கணக்கு இது என்பதே என் முடிவு.

அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பின்பக்கத்தில் உங்கள் வீட்டில் ஏழில் போனவர்கள் யார், நாலில் நின்றவர்கள் யார் என்று பெயர், தோட்டம், டிவிசனோடு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.