வீடு திரும்பிய பின்

மருத்துவமனையை விட்டு வந்ததும் சிகிச்சை முடிந்ததென்று கருதுகிறோம். அது சரியன்று. நலமாயுள்ள முதியவர்கூடப் பத்து நாள் படுத்தே கிடந்தால், கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழப்பார் என்பது 2007இல் வெளியான ஆய்வின் முடிவு. ஒரே பக்கம் அழுந்திய இடத்தில் இரத்த ஓட்டம் குன்றிப் படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே குறித்த நேரத்தில் புரட்டிவிடுதலும், படிப்படியாக உட்கார, நிற்க, நடக்கப் பழக்குதலும் மருந்துக்கு ஒப்பானவை.

இத்துறையில் வழிகாட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளர்க்கு அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

ஐதராபாத்தில் பயிலும் நம்மிற் பலருக்குப் பெற்றோர் தொலைவில் இருக்கின்றனர். அவர்கள் நோயுற்றால், "எப்போது வீட்டுக்கு அழைத்துப் போகலாம்?" என்பதோடு நில்லாமல், "போனபின் எப்படிப் பேணுவது?" என்றும் மருத்துவரிடம் கேட்டுக் கற்போமாக.