மார்பகப் புற்றுநோய் மாத்திரைக்குக் கண் பரிசோதனை எதற்கு?

அணைக்கட்டு ஊரிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு டாமோக்சிஃபென் மாத்திரை தரப்படலாம். தினமும் 20 மில்லிகிராம். 5 முதல் 10 ஆண்டுகள் வரை. ‘பார்வை மங்கினால் உடனே சொல்லுங்கள்’ என்பார் மருத்துவர். கட்டி மார்பில்தானே, கண்ணுக்கு என்ன?

மருந்து ரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடுகிறது. கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரைக்கும் போகிறது.

செல்களுக்குள் கழிவைச் செரிக்கும் நுண்பைகள் உண்டு. கொழுப்போடு எளிதில் ஒட்டும் இம்மருந்து அங்கே நுழைந்தால் சிக்கிக்கொள்ளும்.

பாலாற்றங்கரை ஊர்களில் உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அடியில் வெள்ளையாகப் படியும். விழித்திரையிலும் இப்படித்தான் மின்னும் நுண்துகள்கள் சேர்கின்றன.

கூர்ந்து பார்க்க உதவும் நடுப்பகுதியில் நீர் கோத்தாலோ, செல்கள் நலிந்தாலோ எழுத்து மங்கும்.

1978-ல் இந்தக் கண் பாதிப்பு முதன்முதலில் பதிவானபோது நோயாளிகள் எடுத்தது மிக அதிக அளவு. இன்றைய அளவில் இது அரிது. அதனால் பயந்து மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் திரும்பாமல் காப்பது அதுதான்.

தொடங்கும்போதே ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. பிறகு வீட்டிலேயே, ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். நேர்கம்பி வளைந்து தெரிந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.