வரையாட்டுக்கு வேறு மலை இல்லை

சென்னையை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் ஓர் ஏரி வற்றினால் கொக்கு புழலுக்கோ செம்பரம்பாக்கத்துக்கோ பறந்துவிடும். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு அந்த வழி இல்லை. உலகிலேயே தமிழ்நாடு, கேரள மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில்தான் அது வாழ்கிறது. அங்கே சீகை மரமும் யூகலிப்டசும் பரவியதில் கூட்டங்கள் துண்டுபட்டன. ஒரு கூட்டம் நோயில் அழிந்தால் அந்த இடத்தை நிரப்ப வேறெங்கிருந்தும் ஆடு வராது. பரந்து வாழ்ந்த உயிர்களும் அழிந்ததில்லையா என்று கேட்கலாம். அழிந்ததுண்டு, வட அமெரிக்க வானத்தை நிறைத்த பயணிப் புறா 1914-இல் அடியோடு மறைந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டு வேட்டை தேவைப்பட்டது. குன்றில் ஒதுங்கிய சிறு கூட்டத்துக்கு ஒரு காட்டுத்தீ போதும். அதனால்தான் 2023-இல் தமிழக அரசு தொடங்கிய வரையாடு திட்டத்தில், ஆடுகளை எண்ணுவதைவிடப் புல்வெளியை மீட்கும் பணியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.